பள்ளிக்கு அருகே மதுக்கடை, கிரிக்கெட் கிளப்புக்கு மதுக்கடை ஸ்பான்சர்: ஆக்லாந்து கவுன்சிலால் எதைத் தடுக்க முடியும்?

சாண்ட்ரிங்ஹாம் வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குக் குடிவந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்நாள்வரை கவுன்சிலுக்கு வீட்டுவரி கட்டியதைத் தவிர அதனோடு எனக்கு வேறு தொடர்பு இருந்ததில்லை. இப்போது இரண்டு விஷயங்களில் உங்கள் வழிகாட்டல் தேவைப்படுகிறது.

எங்கள் தெருமுனையில் நான்கு கடைகள் கொண்ட ஒரு சிறிய வரிசை இருக்கிறது. ஒரு டெய்ரி (இங்கே தெருமுனைச் சில்லறைக் கடையை அப்படித்தான் சொல்வார்கள்), ஒரு சலவைக்கடை, ஒரு மீன் வறுவல் கடை, ஓராண்டாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு முடிதிருத்தும் கடை. சென்ற வாரம் அந்தப் பூட்டிய கடையின் கண்ணாடியில் உட்புறமாக ஒரு வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. வாங்கி வெளியே எடுத்துச் செல்லும் மதுக்கடைக்கு உரிமம் கோரி விண்ணப்பித்திருப்பதாகவும், ஆட்சேபம் உள்ளவர்கள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்றும் அதில் இருந்தது. எழுத்து அவ்வளவு சிறியது. நின்று குனிந்து படித்தால்தான் தெரிகிறது. தொடக்கப்பள்ளியின் பின்வாசல் அங்கிருந்து கூப்பிடு தூரம். மாலை மூன்று மணிக்குப் பிள்ளைகள் அந்தக் கடைவரிசையின் நிழலில்தான் பெற்றோருக்காகக் காத்து நிற்கிறார்கள். இதே சாலையில் நடந்துபோகும் தூரத்தில் ஏற்கெனவே இரண்டு மதுக்கடைகள் இருக்கின்றன.

இரண்டாவது, என் மகள் விளையாடும் கிரிக்கெட் கிளப் பற்றியது. எட்டு வயதுப் பெண். சனிக்கிழமை காலையில் ஆடுகிறாள். மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் பதாகைகளில் பெரியது ஒரு மதுக்கடையினுடையது. பெரியவர்கள் அணியின் சட்டையிலும் அதே பெயர்தான். ஆட்ட நாயகனுக்கு அந்தக் கடையிலிருந்து ஒரு பாட்டில் பரிசாக வருகிறது. போன வாரம் என் மகள் அந்தப் பதாகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அப்பா, இந்தக் கடை நம்ம கிளப்போடதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு ஏன் எல்லாரும் அந்தப் பெயரைப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டாள். அதற்கு அவள் வயதுக்கேற்ற பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் குடியுரிமை பெறாதவன். நிரந்தர வதிவிட அனுமதி மட்டுமே உண்டு. நான் ஆட்சேபம் தெரிவிக்க முடியுமா? வழக்கறிஞர் வைக்க வேண்டுமா? கடையைத் தடுக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்கிறது என்றால், கவுன்சிலின் மைதானத்தில் தொங்கும் பதாகையை அகற்ற அதே கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லையா?

மனுரேவாக்காரர்

வணக்கம் ஐயா. முதல் கேள்விக்கு விடை: முடியும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. குடியுரிமையை யாரும் கேட்கமாட்டார்கள். நான் இருமுறை உரிமக் குழுவின் முன் நின்றவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2012ஆம் ஆண்டின் மது விற்பனை மற்றும் விநியோகச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சி எல்லைக்கும் மாவட்ட உரிமக் குழு ஒன்று உண்டு. எதிர்ப்பு இருக்கும் விண்ணப்பத்தை அந்தக் குழு கூடி விசாரிக்கும். முன்பெல்லாம் பொதுமக்களில் மற்றவர்களைவிடக் கூடுதலான அக்கறை அந்த விண்ணப்பத்தில் தனக்கு இருப்பதாகக் காட்டுபவர் மட்டுமே ஆட்சேபிக்க முடியும். அந்த ஒரு சொற்றொடரை வைத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி வசித்த பாட்டிமார்களை எல்லாம் "உங்களுக்கு இதில் தகுதி இல்லை" என்று விண்ணப்பதாரரின் வழக்கறிஞர்கள் ஒதுக்கிவைத்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். என்னையே ஒருமுறை இருபது நிமிடம் குறுக்கு விசாரணை செய்தார்கள். கடையிலிருந்து என் வீடு எத்தனை மீட்டர், நான் வாரத்துக்கு எத்தனை முறை அந்த வழியே போகிறேன், அங்கே கிடந்த உடைந்த பாட்டில் அந்தக் கடையில் வாங்கியதுதான் என்று எப்படித் தெரியும் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் எனக்கே நாக்கு வறண்டது; எனக்குப் பின் பேச வேண்டிய சமோவாப் பெண்மணி ஒருவர் பேசாமலேயே எழுந்து போய்விட்டார்.

2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இதை மாற்றியது. இப்போது எவரும் ஆட்சேபிக்கலாம். அமைப்பின் சார்பிலும் ஆட்சேபிக்கலாம். குறுக்கு விசாரணை 2024 மே இறுதியோடு நீங்கிவிட்டது. குழு உறுப்பினர்கள் மட்டுமே கேள்வி கேட்பார்கள். ஆட்சேபம் எழுத முன்பு 15 வேலை நாள் இருந்தது, இப்போது 25. அந்த நாள் கடைக்கண்ணாடியில் தாளை நீங்கள் பார்த்த அன்று தொடங்குவதில்லை. பொது அறிவிப்பு முதலில் வெளியான தேதியிலிருந்து எண்ண வேண்டும். ஆகவே இன்றே கவுன்சிலின் இணையதளத்தில் அந்தத் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

என்ன எழுதுவது என்பதுதான் முக்கியம். "மது கெட்டது" என்று எழுதினால் குழுவால் ஒன்றும் செய்ய இயலாது. மது விற்பனையும் அருந்துதலும் பாதுகாப்பாகவும் பொறுப்போடும் நடக்க வேண்டும், மிதமிஞ்சிய குடியின் தீங்கு குறைய வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். அந்த நோக்கத்துக்கு இந்தக் கடை இந்த இடத்தில் எப்படிக் குறுக்கே நிற்கிறது என்று காட்டுங்கள். விண்ணப்பதாரரின் தகுதி, கேட்கும் நேரம், ஊழியர் பயிற்சி, சுற்றுப்புறத்தின் அமைதியும் ஒழுங்கும் குலையுமா என்பவை எல்லாம் குழு பார்க்க வேண்டியவை. ஏற்கெனவே இருக்கும் கடைக்கு வியாபாரம் குறையும் என்ற வாதத்தைக் குழு கணக்கில் கொள்ளவே கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆகவே அதை எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். உங்கள் கேள்வியில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி, பிள்ளைகள் மூன்று மணிக்கு அந்த நிழலில் நிற்கிறார்கள் என்பது, பத்துப் பக்கப் புள்ளிவிவரத்தைவிட வலுவானது. தேதியும் நேரமும் குறித்து, ஒரு வாரம் தொடர்ந்து, எத்தனை பிள்ளைகள் நின்றார்கள் என்று எழுதிவையுங்கள். முடிந்தால் பள்ளி முதல்வரையும் எழுதச் சொல்லுங்கள். காவல்துறை, பொதுச் சுகாதார மருத்துவ அதிகாரி, கவுன்சிலின் உரிம ஆய்வாளர் ஆகிய மூவரும் தனித்தனியே விண்ணப்பத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் எதிர்க்கவில்லை என்றால் சோர்ந்துவிட வேண்டாம். சட்ட உதவி தேவையானால் கம்யூனிட்டி லா மையத்தில் இத்தகைய ஆட்சேபங்களுக்குக் கட்டணமின்றி உதவுகிறார்கள்.

அடுத்து, உங்கள் கடைவரிசை எங்கே வருகிறது என்பதைக் கவுன்சிலின் உள்ளூர் மதுக் கொள்கையில் பாருங்கள். நகர மையத்திலும், தீங்கு மிகுந்தவை என அடையாளம் கண்ட 23 பகுதிகளிலும் புதிய மதுக்கடை உரிமங்களுக்கு 2024 செப்டம்பரில் தொடங்கி இரண்டாண்டுத் தற்காலிகத் தடை அதன்படி விதிக்கப்பட்டது. 2024 டிசம்பர் 9 முதல் ஆக்லாந்து முழுவதும் மதுக்கடைகளும் சூப்பர்மார்க்கெட்டுகளும் இரவு 9 மணிக்கு மேல் மது விற்கக் கூடாது என்றானதும் இந்தக் கொள்கையால்தான். நாட்டின் பொதுச் சட்டம் இரவு 11 மணிவரை அனுமதிக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இந்த இரண்டு மணி நேரக் குறைப்புக்கு ஆக்லாந்து எத்தனை காலம் காத்திருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2015இல் கவுன்சில் இந்தக் கொள்கையின் இடைக்கால வடிவத்தை வெளியிட்டது. நாட்டின் இரு பெரும் சூப்பர்மார்க்கெட் நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. உரிம ஆணையம், உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று ஏறி, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் கவுன்சில் வென்றது. எட்டாண்டுகள், நாம் கட்டிய வரிப்பணத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் சட்டச் செலவு. கிரைஸ்ட்சர்ச் கவுன்சில் இதே செலவுக்கு அஞ்சி 2018இல் தன் கொள்கையையே கைவிட்டது. மேல்முறையீடு செய்யும் அந்த வாய்ப்பை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நீக்கிய பிறகுதான் உள்ளாட்சிகளுக்கு மூச்சு வந்தது.

நான் மனுரேவாவில் குடியேறிய ஆண்டு 2008. அந்த ஆண்டு ஜூன் மாதம் இங்கே ஒரு மதுக்கடையில், நம்மைப் போலவே இந்தியாவிலிருந்து வந்த கடைக்காரர் ஒருவர் கொள்ளையர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சாவுக்குப் பிறகுதான் ஏன் எங்கள் புறநகரில் மட்டும் தெருவுக்குத் தெரு மதுக்கடை என்று மக்கள் உரக்கக் கேட்கத் தொடங்கினார்கள். மதுச் சட்டம் முழுவதையும் ஆராய்ந்து சர் ஜெஃப்ரி பால்மர் தலைமையிலான சட்ட ஆணையம் 2010இல் 153 பரிந்துரைகளை அளித்தது. 2012ஆம் ஆண்டுச் சட்டம் அதிலிருந்து பிறந்தது. ஊரில் டாஸ்மாக் கடைக்கு எதிராகக் கிராம சபையில் தீர்மானம் போட்டு, ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். அங்கே விற்பதும் அரசு, உரிமம் தருவதும் அரசு. இங்கே விற்பவர் தனியார். முடிவெடுப்பது உள்ளூர்க் குழு. அந்த வேறுபாட்டைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்பான்சர் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர்கள் எழுதட்டும்.

கழகப் பொருளாளர்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். இங்கே ஒரு துடுப்பாட்டக் கழகத்தில் ஆறு ஆண்டுகளாகப் பொருளாளராக இருக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு நான் விடை எழுதக் கடமைப்பட்டவன், ஏனெனில் உங்கள் மகள் வாசித்த பதாகையைப் போன்ற ஒன்றுக்கான காசோலையை நானே வாங்கி வங்கியில் இட்டிருக்கிறேன்.

சட்ட நிலையை முதலில் சொல்கிறேன். கடை எங்கே, எத்தனை மணிவரை என்பதில் மாநகர சபைக்கு அதிகாரம் உண்டு. விளையாட்டுக்கு மது நிறுவனம் அனுசரணை வழங்குவதைத் தடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. நாடாளுமன்றம் பலமுறை வாய்ப்பிருந்தும் அதைச் செய்யவில்லை. இப்போது மது விளம்பரத்துக்கு இருக்கும் விதிக்கோவையின் பெரும்பகுதி விளம்பரத் துறையினர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டது.

2014இல் அரசு அமைத்த அமைச்சர்நிலை மன்றம் ஒன்று இதை ஆராய்ந்தது. தலைவராக இருந்தவர் றக்பி லீக் பயிற்றுநர் கிரகாம் லோ. வாழ்நாள் முழுவதும் விளையாட்டுக்குள்ளேயே இருந்தவர். ஒளிபரப்பாகும் விளையாட்டுகளில் மது அனுசரணையை நிறுத்த வேண்டும், இழக்கும் பணத்தை ஈடுசெய்ய நிதி ஒதுக்க வேண்டும் என்று அந்த மன்றம் பரிந்துரைத்தது. பரிந்துரை அலுமாரிக்குள் போய்விட்டது. பிறகு பசுமைக் கட்சியின் குளோயி சுவார்பிரிக் ஒரு தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். அதற்கு இரண்டு பாதிகள் இருந்தன. உள்ளூர்க் கொள்கைகளுக்கு எதிரான மேல்முறையீட்டை நீக்குவது ஒன்று, ஒளிபரப்பு விளையாட்டில் மது அனுசரணையை ஒழிப்பது மற்றொன்று. ஆக்லாந்து, கிரைஸ்ட்சர்ச் உள்ளிட்ட பல மாநகர சபைகள் தீர்மானம் நிறைவேற்றி அதை ஆதரித்தன. முதல் பாதியை அரசு தன் சட்டமாக எடுத்துக்கொண்டது. மனுரேவாக்காரர் அண்ணா விவரித்தது அதைத்தான். இரண்டாம் பாதியோடு நின்ற சட்டமூலம் 2023இல் முதல் வாசிப்பிலேயே தோற்றது. இன்று உங்களுக்குக் கடையைக் கேள்வி கேட்க வழி இருந்தும், ஒளிபரப்பாகும் விளையாட்டில்கூட மது அனுசரணையைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இருப்பது அந்த ஒரு வாக்கெடுப்பின் விளைவு.

முடியாத காரியம் என்று இதை யாராவது சொன்னால் நான் மூன்று நாடுகளைக் காட்டுவேன். பிரான்ஸ் 1991இல் எவன் சட்டத்தால் மது அனுசரணையைத் தடைசெய்தது. ஐரோப்பிய றக்பிக் கழகங்களின் கிண்ணத்துக்கு ஹைனகன் என்ற பியரின் பெயரால் ஹைனகன் கிண்ணம் என்று பெயர் இருந்த காலத்தில், பிரான்சில் மட்டும் அதை "எச் கிண்ணம்" என்றே அழைத்தார்கள். பிரெஞ்சு றக்பி அதனால் அழிந்துபோகவில்லை. நான் பிறந்த இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலைக்கும் மதுவுக்கும் விளம்பரத்தையும் அனுசரணையையும் ஒருசேரத் தடைசெய்தது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதையும் தடுத்தது. அங்கே குடி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வடக்கில் மதுச்சாலைகள் பெருகியதைப் பார்த்து வருந்துகிறவன் நான். ஆனால் அங்கே ஒரு பிள்ளை பந்து பொறுக்கப் போகும் எல்லைக் கோட்டில் சாராயப் போத்தலின் படம் இல்லை. மூன்றாவது நாடு இந்த நியூசிலாந்தேதான். 1990ஆம் ஆண்டின் சட்டத்தால் புகையிலை அனுசரணையை விளையாட்டிலிருந்து விலக்கியபோது, கழகங்களுக்கு மாற்றுப் பணம் தருவதற்கென்றே சுகாதார அனுசரணைச் சபை ஒன்றை இந்த நாடு அமைத்தது. அன்றும் கழகங்கள் மூடப்படும் என்றார்கள்.

பிள்ளைகள் கண்ணில் இது எவ்வளவு படுகிறது என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. வெலிங்டன் பகுதியில் 11 முதல் 13 வயதுவரையான பிள்ளைகளின் கழுத்தில் சிறிய கமராவைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை நாளொன்றுக்குச் சராசரியாக 4.5 முறை மது விளம்பரத்தை எதிர்கொள்கிறது என்று தெரியவந்தது. அந்த விளம்பரங்களில் விளையாட்டு அனுசரணைக்குப் பெரும் பங்கு உண்டு.

இனி எங்கள் கழகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மதுக்கடை எங்களுக்கு ஆண்டுக்கு மூவாயிரம் டொலர் தந்தது. அதோடு பரிசாகப் போத்தல்களும் வரும். பந்து, வலை, நடுவர் கட்டணம் எல்லாம் அந்தப் பணத்தில்தான் ஓடின. எங்கள் அணியில் குடியிலிருந்து மீள முயன்றுகொண்டிருந்த ஒரு தம்பி இருந்தான். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஐந்து விக்கெட் எடுத்தான். வழக்கப்படி ஆட்ட நாயகன் என்று அவனைக் கூப்பிட்டு, எல்லாரும் கை தட்ட, நானே ஒரு விஸ்கிப் போத்தலை அவன் கையில் கொடுத்தேன். அவன் அதை வாங்கி, ஒரு கணம் பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு பையில் வைத்துக்கொண்டான். அடுத்த இரண்டு மாதங்கள் அவன் யாருடைய தொலைபேசியையும் எடுக்கவில்லை. போத்தலால்தான் அப்படி ஆனது என்று நான் எப்படி அறுதியிட்டுச் சொல்ல முடியும்? ஆனாலும் அந்தப் போத்தல் அவனுக்கு என் கையிலிருந்து போனது.

அந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அனுசரணையைப் புதுப்பிக்க வேண்டாம் என்று நான் பிரேரித்தேன். கடும் வாக்குவாதம் நடந்தது. பிரேரணை இரண்டு வாக்கு வித்தியாசத்தில் வென்றது. மூவாயிரத்தில் ஆயிரத்து எண்ணூறை ஒரு பல் மருத்துவரும் ஒரு மளிகைக் கடையும் தந்தார்கள். மீதியைச் சமூக விருந்து ஒன்று நடத்திச் சேர்த்தோம். முதல் ஆண்டு கைக்கும் வாய்க்குமாகத்தான் போனது. அதை மறைப்பது நியாயமில்லை.

ஆகவே உங்களுக்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன. கழகத்தின் பொதுக்கூட்டம் முதலாவது. உள்ளூர் வாரியம் இரண்டாவது: கழகங்களுக்கு மானியமும் மைதானக் குத்தகையும் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வருகின்றன. நிலத்தின் சொந்தக்காரர் என்ற முறையில் பதாகைகளுக்கு நிபந்தனை வைக்கும்படி நீங்கள் அங்கே கேட்கலாம். வாரியக் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் மூன்றாவது. அந்த வாசல் திறக்க நாளெடுக்கும்.

கவுண்டர் பணியாளர்

வணக்கம். நான் ஏழு ஆண்டுகளாக ஒரு மதுக்கடையில் வேலை பார்க்கிறேன். பொறுப்பு மேலாளர் சான்றிதழும் வைத்திருக்கிறேன். இங்கே எழுதலாமா என்று நெடுநேரம் தயங்கினேன்.

ஒன்பது மணி விதி வருவதற்கு முன் இரவு ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை நான் தனியாகவே கவுண்டரில் நிற்பேன். அந்த நேரத்தில் வருபவர்களில் பலர் ஏற்கெனவே குடித்திருப்பார்கள். போதையில் இருப்பவருக்கு விற்கக் கூடாது என்பது சட்டம்; ஆனால் "இல்லை" என்று சொல்லும்போது எதிரே நிற்பவர் என்ன செய்வார் என்பது தெரியாது. ஒருமுறை கவுண்டர்மேல் இருந்த கார்டு இயந்திரத்தைப் பிடுங்கி என்மேல் எறிந்தார் ஒருவர். இப்போது எட்டே முக்காலுக்கு விளக்கைக் குறைத்து, ஒன்பதுக்குப் பூட்டிவிட்டு, பிள்ளை உறங்குவதற்குள் வீடு போய்ச் சேர்கிறேன். எட்டாண்டு வழக்கு நடத்தி வாங்கிய அந்த இரண்டு மணி நேரத்துக்கு நான் என்றும் நன்றியுடையவன்.

ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கடைக்கு விண்ணப்பித்திருப்பவர், இருந்த சேமிப்பையெல்லாம் போட்டுவிட்டு நிற்கும் ஒரு குடும்பமாகக்கூட இருக்கலாம். உங்கள் ஆட்சேபம் இடத்தைப் பற்றியதாக இருக்கட்டும். அவரைப் பற்றியதாக வேண்டாம். விசாரணை அறையில் அவர் உங்களுக்கு எதிரேதான் அமர்ந்திருப்பார்.

இன்னொன்று. கடை வந்தேவிட்டாலும் உங்கள் வேலை முடிந்துவிடாது. கடைக்கு வெளியே தெரியும்படி 25 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட தள்ளுபடியை விளம்பரம் செய்வது குற்றம். சிறுவர்களை ஈர்க்கும் விதத்தில் மதுவை விளம்பரப்படுத்துவதும் குற்றம். கண்ணாடியில் அப்படி ஏதாவது கண்டால் படம் எடுத்து உரிம ஆய்வாளருக்கு அனுப்புங்கள். புதிய உரிமம் முதலில் ஓராண்டுக்குத்தான் தரப்படும். புதுப்பிக்க வரும்போது அந்தப் படங்கள் பேசும்.

சாண்ட்ரிங்ஹாம் வாசி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பொது அறிவிப்பின் தேதியைப் பார்த்துவிட்டேன். இன்னும் பதினோரு வேலை நாட்கள் இருக்கின்றன. திங்கள் முதல் மாலை வேளையில் பிள்ளைகளை எண்ணத் தொடங்குகிறோம்; நானும் என் மனைவியும் நாள்மாற்றி நிற்பதாக ஏற்பாடு. பள்ளி முதல்வர் தாமும் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். கவுண்டர் பணியாளர் சொன்னதை மனத்தில் வைத்து, விண்ணப்பதாரரைப் பற்றி நான் எழுதியிருந்த இரண்டு பத்திகளை நேற்றிரவே நீக்கிவிட்டேன். அவை கோபத்தில் எழுதியவை. அவரை எனக்குத் தெரியவே தெரியாது.

கிளப்பைப் பொறுத்தவரை, செயலாளரிடம் பேசினேன். பதாகை ஒப்பந்தம் மார்ச் மாதத்தோடு முடிகிறதாம். பொதுக்கூட்டத்துக்கு முன் மாற்று ஸ்பான்சர் ஒருவரையாவது கையோடு கொண்டுவந்தால் தீர்மானத்தைப் பட்டியலில் சேர்ப்பதாகச் சொன்னார். பரிசாகப் பாட்டில் தருவதை மட்டும் இந்த வாரமே நிறுத்தச் சம்மதித்துவிட்டார். கழகப் பொருளாளர் எழுதியதை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன், அதன்பிறகு அவர் வாதாடவில்லை.

விசாரணைக்குத் தேதி குறித்ததும் இங்கே எழுதுகிறேன். மனுரேவாக்காரர் ஐயா, அன்று உங்களால் வர முடியுமானால், பேச வேண்டியதில்லை, பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தாலே எனக்குத் தைரியமாக இருக்கும்.

மனுரேவாக்காரர்

வருகிறேன். தேதியைச் சொல்லுங்கள், வேலைக்கு விடுப்புப் போட்டுக்கொள்கிறேன். ஆட்சேப மனுவின் நகல் மூன்றும், நீங்கள் எண்ணிய தாளின் மூலப்பிரதியும் கையில் இருக்கட்டும்.